ஜங்ஷனின் தாமதம் மாடியேறிய கதை

நத்தம்பாறை ஜங்ஷனில் எந்த வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, அதை ஒரு குறையாக அந்த ஊரில் யாரும் சொன்னதுமில்லை. ஏனென்றால் தெற்கேயிருந்து வரும் பாசஞ்சருக்கும் மலையடிவாரத்துக்குப் போகும் கிளை வண்டிக்கும் நடுவே கிடந்த அந்த நீண்ட, சோம்பலான, யாருக்கும் சொந்தமில்லாத காத்திருப்பில்தான் ஊரே முளைத்து இலைவிட்டுக் காய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்பில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்தார்கள், ஆட்டு வியாபாரிகள் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசினார்கள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல், பேசிக்கொண்டார்கள். எட்டரை மணிப் பாசஞ்சருக்குப் போகிறவர்கள் எட்டரைக்குத்தான் குளிக்க வெந்நீரே போடுவார்கள்.

வண்டியை வரவழைக்கவும் அந்த ஊருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஒன்றாம் பிளாட்பாரத்தில் சண்முகக்கனியின் டீக்கடையில் ஒரு டீ சொல்ல வேண்டும். கையில் வாங்கிய டீ வாயில் வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது, ஒரு ஊது ஊதி உதட்டருகே கொண்டுபோகும் அந்த நொடியில், வண்டி வந்துவிடும். நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் அந்த ஊரில் யாரும் ரயில் ஏறியதில்லை.

சண்முகக்கனிக்கு ஒரே மகள், பேர் முப்பிடாதி, பதினாறு வயது, தொண்டைக்குள் ஊரையே குடிவைத்திருந்தவள். ஸ்டேஷன் மாஸ்டர் சீனிவாசகத்தின் செருமல், ஒலிபெருக்கியில் எந்தக் காலத்திலோ பதிந்துவைத்த அந்த அறிவிப்பு அம்மாளின் வழவழப்பு, கணக்கு டீச்சரின் மூக்கு, குட்டியைத் தேடும் வெள்ளாடு, இஞ்சின், இஞ்சினைப் பார்த்துக் குரைக்கும் ஒற்றைக்காது நாய் என எல்லாம் அவளிடம் இருந்தன. பசித்தால் கணக்கு டீச்சராகச் சோறு கேட்பாள், கோபம் வந்தால் ஸ்டேஷன் மாஸ்டராகத் தட்டைத் தள்ளுவாள். அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பெற்ற தாய்க்கே மறந்துபோயிருந்தது.

"ஏளா, ஒன் தொண்டைல ஒருநாளாவது பேசேன்" என்பாள் சண்முகக்கனி.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்குவாள் முப்பிடாதி. கரண்டி பறந்து வரும்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் ஸ்டேஷனுக்கு எதிரேயிருந்த பல் டாக்டர் ஞானதுரையின் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, உள்ளே மிஷினே ஓடாதபோது, பல் குடையும் மிஷின் சத்தத்தைப் போட்டாள். கூடவே ஒரு பெரியாள் அலறுகிற சத்தத்தையும் போட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். டாக்டர் வெளியே வந்து காலி பெஞ்சையும் கிடந்த செருப்புகளையும் பார்த்தார், அவளைப் பார்த்தார், காதைப் பிடிப்பார் என்று அவள் எழுந்து நின்றபோது, "ஏட்டி, தண்டவாளத்துல பாயிண்ட் மாத்துத சத்தம் வருமா ஒனக்கு?" என்று கேட்டார்.

"எந்தப் பாயிண்ட்டு? கிழக்கயா மேக்கயா? மேக்க உள்ளது கொஞ்சம் முனங்கும்லா."

டாக்டர் அவளை மாடிக்குக் கூட்டிப்போனார்.

மாடி முழுக்க நத்தம்பாறை ஜங்ஷன் இருந்தது. எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கி, ஆனால் ஒரு மயிரிழை கூட விட்டுப்போகாமல், இடுப்பு உயர மேஜைமேல் சுவரிலிருந்து சுவர்வரை கிடந்தது. பல்லுக்கு அச்செடுக்கும் மாவில் மலை, பல்லுக்குக் கட்டும் கம்பியில் சிக்னல் கம்பி, தேய்ந்த பல் பிரஷ்ஷின் தூவியில் தண்டவாளத்து ஓரப் புல். கடையில் வாங்கும் பொம்மைத் தண்டவாளம் அகலம் தப்பு என்று ஒவ்வொரு கட்டையையும் தானே அறுத்துப் பதித்திருந்தார். மூன்றாவது தூணில் வெற்றிலை எச்சில் இருந்தது, அதுவும் மேலே சிவப்பாகவும் கீழே காய்ந்து கறுப்பாகவும். ஒற்றைக்காது நாய் இருந்தது. மெழுகில் செய்த சண்முகக்கனி இடுப்பில் ஒரு கையும் தம்ளரோடு முன்னால் நீட்டிய ஒரு கையுமாகக் கடைக்குள் நின்றாள். அவள் முன்னால் தகரத் தாளில் சுருட்டிய தம்ளர்கள் எறும்புக் கண் அளவுக்கு வரிசையாக இருந்தன.

"பல வருச வேலை" என்றார் டாக்டர். "சத்தம் ஒண்ணுதான் பாக்கி. சத்தம் இல்லன்னா இது வெறும் பொம்மை."

அன்றிலிருந்து முப்பிடாதி பள்ளிக்கூடம் விட்டதும் மாடிக்கு வந்து, மேஜைக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜங்ஷனுக்குக் குரல் கொடுத்தாள். மணி அடித்தாள், கேட் சாத்தினாள், ஆட்டை மேயவிட்டாள், அம்மாவின் குரலில் வடை விற்றாள். சின்னப் பாசஞ்சர் சரியாக எட்டரையைக் காட்டும் சின்னக் கடிகாரத்துக்குக் கீழே வந்து நின்றது. டாக்டர் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

முப்பிடாதி சிரிக்கவில்லை.

"என்ன குறை?" என்றார் அவர், முகம் சுண்டி.

"இது நம்ம ஸ்டேஷனே இல்ல டாக்டர். வண்டி நேரத்துக்கு வருதே."

டாக்டர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். எச்சில் கறையை மறக்காத மனுஷன் இதை மறந்துவிட்டார். "போட்டுரு" என்றார் தளர்ந்த குரலில். முப்பிடாதி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த அறிவிப்பு அம்மாளின் வழவழப்பில், ஒரு துளி வருத்தமும் இல்லாமல் வருத்தம் தெரிவிக்கும் அந்த ராகத்தில், பாசஞ்சர் தாமதமாக வரும் என்று சொன்னாள்.

அவள் சொல்லி வாய் மூடவும் சின்ன வண்டி வெளிச் சிக்னலில் நின்றது. டாக்டர் விசையைத் திருகினார், கம்பியைத் தொட்டுப் பார்த்தார், இஞ்சினைப் பல்லைப்போல் தட்டிப் பார்த்தார். மின்சாரம் இருந்தது, சக்கரம் சரியாக இருந்தது, வண்டிக்குத்தான் வர மனசில்லை. ஜங்ஷன் முழுமையாகிவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது.

மறுநாள் காலை எட்டரை மணி நிஜப் பாசஞ்சர் எட்டரைக்கே வந்தது.

பிளாட்பாரத்தில் அப்போது ஒற்றைக்காது நாய் மட்டும் இருந்தது. ஊர் முழுக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. வண்டி யாரையும் ஏற்றாமல் போனது, ஒன்பதே முக்காலுக்குப் பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் காலித் தண்டவாளத்தைப் பார்த்து, "அதுக்குள்ள என்னவே அவசரம்?" என்று வண்டியைத் திட்டினார்கள். கிளை வண்டியும் அப்படியே வந்து அப்படியே போயிற்று. அடுத்த ஒரு வாரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போய்ச் சேரவில்லை, ஒரு வழக்கில் வக்கீல் போய்ச் சேரவில்லை, ஒரு சாவுக்கு அழவேண்டிய அக்காள் போய்ச் சேராமல் பிளாட்பாரத்திலேயே அழுதாள்.

ஊர்ப் பெரியவர்கள் திரண்டு போய் ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டார்கள். "எங்க தாத்தா காலத்துலருந்து லேட்டா வந்த வண்டி. நீரு வந்து இத மாத்துனா எப்படிவே?"

"நான் ஒண்ணும் செய்யலியே அண்ணாச்சி" என்றார் சீனிவாசகம். ஆனால் வாழ்நாளில் முதல்முறையாகச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டு வந்தது. மாதக் கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் பாசஞ்சரிலேயே நேரில் வந்து கேடயம் கொடுப்பார் என்றும் சேதி வந்தது.

தாமதம் எங்கே போயிற்று என்று ஊர் தேடி அலையவில்லை. தொலைந்த மாட்டைத் தேடாமலே அது எந்தத் தோட்டத்தில் மேய்கிறது என்று தெரிந்துவிடுவதைப்போல, அது டாக்டர் வீட்டு மாடியில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. காத்திருந்து பழகிய ஜனங்கள் ஒவ்வொருவராக மாடியேறி, சின்ன ஜங்ஷனைச் சுற்றிப் பாய் விரித்து, சின்னப் பாசஞ்சருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். எங்கும் போகவேண்டாம், ஏறவும் முடியாது. ஆனாலும் அந்த வண்டி வெளிச் சிக்னலில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்கு உடம்பு லேசாயிற்று. ஆட்டு வியாபாரிகள் அங்கே விரல் பிடித்தார்கள். நின்றுபோன கல்யாணத்தின் மாப்பிள்ளை அங்கேயே வேறொரு பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றான். டாக்டருக்கு மேஜைமேல் எண்ணெய்க் கை படக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதனால் மாடியில் டீயும் கிடையாது, வடையும் கிடையாது.

தாமதம் வந்தபடி இருந்தது. சுற்றுவட்டாரத்து வண்டிகளின் தாமதமெல்லாம் மாடியில் நிரம்பி, இடம் போதாமல் படிக்கட்டு வழியாகக் கீழே ஆஸ்பத்திரிக்கும் கசிந்தது. பல் பிடுங்கினால் வலி அன்றைக்கு வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்டவருக்கு மறுநாள் சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கும்போது உதடு தொங்கியது. போகப்போக மரப்பும் வரவில்லை, வலியும் வரவில்லை. வலிக்காத டாக்டர் என்று பேர் பரவி, அடுத்தடுத்த ஊர்களிலிருந்து ஆடும் பல்லை மட்டுமல்ல, ஆடாத பல்லையும் பிடுங்கிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று முப்பிடாதியும் தன் சொத்தைக் கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு, ரத்தம் துப்பிக்கொண்டே வெள்ளாடாகக் கத்திக் காட்டினாள்.

அவள் சிரிப்பு வீடுவரைதான் இருந்தது.

வீட்டில் காலையில் வடை, மத்தியானம் வடைக் குழம்பு, ராத்திரி உதிர்த்த வடை. பயணிகள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி எதிர் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்கள் முதுகைப் பார்த்து "டீ, டீ" என்று கூவிக் கூவிச் சண்முகக்கனிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருநாள் அவள் பாலை அடுப்பிலேற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மாசக் கடைசில ஒரு ஆபீசர் வாராராம்லா" என்றாள். "அவர் கைல கடைச் சாவியக் குடுத்துருதேன். திருப்பூர்ல ஒன் சித்திக்கிட்ட சொல்லியாச்சு. பனியன் கம்பெனில ரெண்டு பேருக்கும் வேல இருக்கு."

"பள்ளிக்கூடம்?" என்றாள் முப்பிடாதி கணக்கு டீச்சராக.

"பள்ளிக்கூடமா சோறு போடும்?"

"சரிதான்" என்றாள் ஸ்டேஷன் மாஸ்டராக, ஒரு செருமலோடு. பிறகு எந்தக் குரலும் கிடைக்கவில்லை. மேற்குப் பாயிண்ட்டின் முனகல் மட்டும் லேசாக வந்தது.

மறுநாளே அவள் வேலையில் இறங்கினாள். முதலில் நிஜ ஸ்டேஷனில் ஒலிபெருக்கி அறைக்குள் புகுந்து, பாசஞ்சர் தாமதம் என்று அறிவித்தாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாசஞ்சர் வந்து நின்றது, ஓட்டுநர் தலையை நீட்டி ஒலிபெருக்கியை முறைத்தார். பிறகு மாடியில் போய், பாசஞ்சர் இன்னும் சற்று நேரத்தில் வரும் என்று சின்ன வண்டிக்கு அறிவித்தாள். சுற்றியிருந்த ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் குரல் வரும் என்று சொன்ன எந்த வண்டியை அந்த ஊர் நம்பியிருக்கிறது, சின்ன வண்டி நம்புவதற்கு? இஞ்சினாகக் கூவினாள், சீனிவாசகமாக அதட்டினாள், ஆட்டைத் தண்டவாளத்திலிருந்து விரட்டினாள். வண்டி அசையவில்லை.

மாதக் கடைசியும் வந்தது. வாழைமரம் கட்டினார்கள், நாதஸ்வரம் வைத்தார்கள். சீனிவாசகம் வெளுத்த கோட்டில் நின்றார். வலிக்காத டாக்டரிடம் பல் கொடுத்த மொத்தக் கூட்டமும் வேடிக்கை பார்க்கப் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டதால் மாடி காலியாகிவிட்டது. ஊர் திருந்தியிருந்தது, எட்டேகாலுக்கே எல்லாரும் குளித்துச் சீவி வந்திருந்தார்கள், முகத்தில் மட்டும் தூக்கம். சண்முகக்கனி சாவியைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தாள். பழக்கத்தில் ஒரே ஒரு டீ போட்டு, யாரும் கேட்காததால் ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி அந்தத் தம்ளரைப் பார்த்தாள். ஆவி பறந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சவத்து மூதி, எவனுக்குடி டீ?"

"டாக்டருக்குத்தான், சக்கரை போடாம!" என்று டாக்டர் குரலிலேயே பதில் வந்தது, பாதித் தெருவிலிருந்து.

மாடியில் டாக்டர் தனியாக உட்கார்ந்து ஒரு புல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். டீயைக் கண்டதும் பதறி எழுந்தார். "ஏட்டி, மேஜைப் பக்கம் வராத!"

"டாக்டர், எங்கம்மா கையில வச்சிருக்க தம்ளர்ல என்ன இருக்கு?"

"எதுல?"

"நீங்க செஞ்ச எங்கம்மா."

டாக்டர் பூதக்கண்ணாடியை இறக்கினார். குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"பாத்தியளா! எங்கம்மா யாருக்காவது காலித் தம்ளர நீட்டிருக்காளா? எச்சிக் கறைக்கு ரெண்டு கலரு குடுத்திய, டீய விட்டுட்டிய. அப்ப இது வெறும் பொம்மைதான்."

"டீ வச்சா வண்டி வந்துரும்" என்றார் டாக்டர் மெதுவாக. அவரும் அந்த ஊர்க்காரர்தான், அவர் நாக்கும் சுட்டிருக்கிறது. "வண்டி வந்தா எல்லாரு வலியும் கூடவே வந்துரும். வலிச்சவன் அத்தன பேரும் எங்க வருவான்? இங்கதான், என் கழுத்தப் பிடிக்க."

"அப்ப காலித் தம்ளராவே இருக்கட்டும். நான் போறேன்."

அவள் படியிறங்கும் சத்தத்தை நின்ற இடத்திலேயே போட்டாள். டாக்டர் மறுபடியும் குனிந்து பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். காலியாக இருந்தது. கழுத்தைப் பிடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. அவர் பல் வேருக்குள் விடும் ஆக மெல்லிய ஊசியை எடுத்து, நிஜத் தம்ளரின் ஆவி பறக்கும் டீயில் தொட்டு, ஒரு சொட்டில் நூறில் ஒன்றை மெழுகுச் சண்முகக்கனியின் கையிலிருந்த தம்ளருக்குள் இறக்கினார். ஒரு நூலிழை ஆவி எழுந்தது.

முப்பிடாதி மேஜைக்கடியில் உட்கார்ந்தாள். ஒரு ஆட்டு வியாபாரியின் குரலில், "எக்கா, ஒரு டீ குடு" என்றாள். அம்மாவின் குரலில், "இந்தா, பைய ஊதிக் குடிங்க, வண்டி எங்க வரப்போவுது?" என்றாள். பிறகு ஒரு பெரிய, ஆசையான, சூடு தெரியாத ஊது ஊதினாள்.

சின்ன வண்டி கூவியது. அது அவள் தொண்டையிலிருந்து வரவில்லை. கூவிக்கொண்டே வெளிச் சிக்னலைத் தாண்டி, மேற்குப் பாயிண்ட்டில் முனகி, சின்னக் கடிகாரத்துக்குக் கீழே, தன்னுடைய அத்தனை நாள் தாமதத்தோடும் வந்து நின்று பெருமூச்சு விட்டது.

ஜன்னலுக்கு வெளியே, எட்டரைக்கு, நிஜப் பாசஞ்சர் வெளிச் சிக்னலில் நின்றுவிட்டது.

பிளாட்பாரமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு யாரோ மெதுவாக, மழை வருகிறது என்று சொல்வதைப்போல, "லேட்டு" என்றார். "லேட்டுவே!" என்றார் அடுத்தவர். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு காலை நீட்டினார். ஆரத்தித் தட்டுகள் தரைக்கு இறங்கின. இரண்டு பேர் துண்டைப் போட்டு விரல் பிடித்தார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே ஆளைப்போலத் திரும்பிச் சண்முகக்கனியைப் பார்த்தது; அவள் சாவியைத் தன்னையறியாமல் இடுப்பில் செருகிவிட்டு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். சீனிவாசகம் ஒருவர்தான் கொடியைப் பிடித்துக்கொண்டு அழும் நிலையில் நின்றார்.

பெரிய அதிகாரி பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், கடைசியில் இறங்கிக் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜல்லிமேல் தடுக்கித் தடுக்கி நடந்தே வந்தார். அவர் பிளாட்பாரத்தில் கால் வைத்த நேரத்துக்குத்தான் மாடியிலிருந்து வலிகள் இறங்கி வந்து சேர்ந்தன; தாமதத்தோடு பழகியவை, இறங்கவும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன. ஒவ்வொருவராக, பிறகு வரிசை வரிசையாக, வரவேற்க நின்ற அத்தனை பேரும் கன்னத்தில் கைவைத்து, தலையைச் சாய்த்து, "ஆ" என்றார்கள். இந்தப் பக்கத்து வணக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்த அதிகாரி, கேடயத்தைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, தானும் கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்து, "ஆ" என்றார்.

"சார் களைச்சுப்போயிட்டாவ" என்று சண்முகக்கனி ஒரு தம்ளரை நீட்டினாள். "பைய ஊதிக் குடிங்க. வண்டி எங்க வரப்போவுது?"

அதிகாரி ஊதினார். உதட்டருகே கொண்டுபோனார். பாசஞ்சர் கூவிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் டீயையும் விடமுடியாமல், வண்டியையும் விடமுடியாமல், நாக்கைச் சுட்டுக்கொண்டு, தம்ளரோடு ஓடி ஏறினார். கேடயம் பலகையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து சண்முகக்கனி வடைச் சட்டியை அதைக் கொண்டுதான் மூடுகிறாள்.

முப்பிடாதி மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். இதற்கு ஒரு அறிவிப்பு வேண்டும் என்று தோன்றியது. தொண்டையை அந்த வழவழப்புக்குக் கொண்டுவந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தாமதத்திற்கு" என்று தொடங்கினாள். அப்போது, எல்லார் வலியும் போய்ச்சேர்ந்த பிறகு, ஆகக் கடைசியாக, அவளுடைய கடைவாய்ப் பல்லின் வலி வந்து சேர்ந்தது.

"அம்மா!"

கீழே சண்முகக்கனி நிமிர்ந்தாள். வழவழப்பும் இல்லை, செருமலும் இல்லை, மூக்கும் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் சின்னப் பிள்ளையாக ஒரு குரல்.

"யார் வீட்டுப் புள்ளயோ தெரியல, இப்படிக் கத்துது" என்றாள்.

"எக்கா, ஒம் மவதான்" என்றார் ஆட்டு வியாபாரி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

"அவளா?" சண்முகக்கனி ஜன்னலைப் பார்த்தாள். அந்தக் குரல் இன்னொரு தடவை "அம்மா" என்றது. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அதைக் கேட்டாள், பிறகு புதிதாக ஒரு டீ போட்டு, ஆற்றாமல், வாயில் வைக்க முடியாத சூட்டோடு பலகையில் எடுத்து வைத்தாள், வந்துவிடுவாள் என்று.